அக்கா சிரிக்கக்கூடாத மாதத்துக்கான படங்கள்

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். புதுக்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், கீழே கடை, மேலே வீடு. படித்தது மருந்து. பைத்தியமாக இருப்பது படம், பாட்டு, புத்தகம், காமெடி இவற்றின் மேல். நல்லதாக ஒன்றைப் பார்த்துவிட்டால் அதை இன்னொருவர் தலையில் கட்டும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. கடைக்கு வருகிறவர்கள் தலைவலியோடோ காய்ச்சலோடோ வருகிறவர்கள், எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லாதவர்கள். என் குணத்துக்கு இதைவிடத் தோதான தொழில் அமைந்திருக்க முடியாது.

மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகித உறையில் காலை, மதியம், இரவு என்று டிக் அடிப்போம் இல்லையா, அதன் பின்பக்கத்தில் ஒரு படத்தின் பெயரை எழுதிவிடுவேன். கீழே 'சாப்பாட்டுக்குப் பின், குடும்பத்தோடு' என்று ஒரு வரி. சிலவற்றுக்கு 'தனியாக மட்டும்'. ஒருமுறை திருமயத்துப் பெரியவர் ஒருவர் இந்த உறையை அவருடைய ஊர்க் கடையில் நீட்டி, பின்பக்கம் எழுதியிருப்பதையும் கேட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டாக் இல்லீங்க, புதன்கெழம வந்துரும்" என்றாராம். பெரியவர் புதன்கிழமையும் போய் நின்றிருக்கிறார். பிறகு என்னிடம் வந்து, "இங்கிட்டு மட்டுந்தான் கெடைக்குமாம்ல, ஒரு அட்டை குடுங்க" என்று கேட்டார். நான் அவருடைய செல்போனை வாங்கி அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கடை வாசலில் நின்றபடியே இடைவேளை வரை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இப்போது கையில் உள்ள சரக்கைச் சொல்கிறேன். பெயர்களைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் நீங்கள் உடனே ட்ரெய்லரைப் பார்த்துவிடுவீர்கள், ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு 'தெரிஞ்ச கதைதான்' என்று சொல்லுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நேரில் கடைக்கு வந்தால் எழுதித் தருகிறேன்.

முதலில் ஒரு படம். அண்ணன், தம்பி, நடுவில் ஒரு மோட்டார் ரூம் சாவி, அவ்வளவுதான் கதை. சண்டைக் காட்சி உண்டு. அதில் இரண்டு பேரும் மூச்சு வாங்கி உட்கார்ந்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எழுந்து அடித்துக்கொள்கிறார்கள். தம்பி குடித்து முடிக்கும்வரை அண்ணன் ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அந்த இடத்தில் நான் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தேன். அடுத்து ஒரு நாவல். ரேஷன் கடையில் எடை போடுகிற பெண்ணின் ஒரே ஒரு நாள். பச்சரிசி தீர்ந்துபோச்சு என்பதை வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறாள், கடைசியில் தன் மாமியாரிடம் சொல்ல வேண்டி வருகிறது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து வரும் டீச்சர் ஒருவர் இதை என்னிடம் வாங்கிப் போய், பங்குச் சாமியார் வரைக்கும் சுற்றுக்கு விட்டிருக்கிறார். இன்னும் திரும்பி வரவில்லை, வரவும் வேண்டாம். பாட்டு என்று வந்தால், தவிலையும் கீபோர்டையும் சேர்த்துக் கட்டிப்போட்ட ஒரு பையனின் தொகுப்பு. முதல் பாட்டில் இரண்டும் முறைத்துக்கொள்கின்றன, கடைசிப் பாட்டில் குழந்தை குட்டியோடு குடித்தனம் நடத்துகின்றன. காமெடிக்கு, மேடையில் தனியாக நின்று பேசுகிற ஒரு பெண். கல்யாண வீடியோ எடுப்பவர் தாலி கட்டுகிற கையைப் பிடித்து நிறுத்தி, 'லைட்டு போச்சு சார், இன்னொரு தடவ' என்று கேட்பதை வைத்தே அவள் முழு நிகழ்ச்சியையும் ஓட்டுகிறாள்.

இத்தனையையும் ஊருக்கெல்லாம் விநியோகித்த நான், என் சொந்த அக்காவிடம் மட்டும் தோற்றுப்போயிருந்தேன். அக்கா மணமேல்குடியில் கருவாட்டு வியாபாரம் செய்கிறாள். எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு நான் படம் காட்டிக்கொண்டிருக்கிறேன். எதைக் காட்டினாலும் சொல்வது ஒன்றே: "நல்லாருந்துச்சுடி." எந்த இடம் நன்றாக இருந்தது என்று கேட்டால், "எல்லாந்தான்." கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்று மறுநாள் கேட்டால் விழிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஊரில் யாரோ ஒரு கண்டக்டர், 'அக்கா, நீங்க சொன்ன படத்துல அந்த அழுக்குத் துண்டு வருதே' என்று நுணுக்கமாகப் பேசும்போது, கூடப் பிறந்தவளுக்கு அந்தத் துண்டு கண்ணில் படாதது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

போன ஆண்டு கோடையில் அக்காவுக்குக் குடலிறக்கம் வந்தது. கருவாட்டுக் கூடையைத் தூக்கித் தூக்கித் தொப்புள் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துவிட்டது. புதுக்கோட்டையிலேயே ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது, புண் ஆற நாளாகும், தையல் விட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், சர்க்கரை இருக்கிற உடம்பில் அதைச் செய்யத் தனக்கு இஷ்டமில்லை என்றார்.

"வெயிட் தூக்கக்கூடாது. முக்கக்கூடாது. இருமல் வந்தா ஒரு தலகாணிய வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க. ஒரு மாசத்துக்கு விழுந்து விழுந்து சிரிக்கவும் கூடாது."

கடைசி வரியைக் கேட்டதும் அத்தான் முகம் வெளிறிவிட்டது. காரணம் இருக்கிறது. அக்கா சிரித்தால் முதலில் சத்தமே வராது. தோள் குலுங்கும், கண்ணில் நீர் கொட்டும், பக்கத்தில் இருப்பவர் தொடையில் மடேர் மடேர் என்று அடி விழும். அதற்குப் பிறகுதான் எங்கிருந்தோ ஒரு கீச்சொலி கிளம்பி, தொடர்ந்து வயிறு முழுக்கக் குதிக்க ஆரம்பிக்கும். நின்று அடங்கக் கால் மணி நேரம் ஆகும்.

"டாக்டரம்மா," என்றார் அத்தான், "சிரிப்ப நிப்பாட்ட மாத்திரை எதுவும் இருக்குங்களா?"

அக்காவை எங்கள் வீட்டு மாடியில் தங்க வைத்துவிட்டு, அத்தான் வியாபாரத்தைப் பார்க்க மணமேல்குடிக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம், "ஏத்தா, ஒன்னைய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அவ சிரிக்காமப் பார்த்துக்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தைரியம் சொன்னேன். சோகத்துக்கா பஞ்சம், என்னிடம் ஒரு வருடத்துக்கான சோகம் இருப்பில் இருந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு மாதம் அக்கா கட்டிலை விட்டு நகர முடியாது. கருவாடு இல்லை, கூடை இல்லை, கண்ணுக்கு நேரே டிவி. அவளை ரசிகையாக்காமல் விடுவதில்லை என்று சபதமே போட்டுக்கொண்டேன்.

மதியம் கடையை அடைக்கிற நேரத்தில் முதல் மருந்தைக் கொடுத்தேன். மனைவி இறந்த பிறகும் அவளுடைய செல்போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கிற ஒரு லாரி டிரைவரின் கதை. கல்லும் கரையும். ரீசார்ஜ் கடைக்காரர், 'இந்த நம்பருக்கு ஆஃபர் வந்திருக்குண்ணே' என்று சொல்கிற காட்சியை நான் அதற்கு முன்பே பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் முந்தானை நனைந்திருக்கிறது. அந்தக் காட்சி வந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவும் அழுகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்குப் பெருமிதம் பொங்கியது. அடுத்த கணம் என் தொடையில் மடேர் என்று விழுந்தது.

"நிப்பாட்டுடி," என்றாள், தலையணையை வயிற்றில் அமுக்கியபடி. "ஐயோ, வலிக்குது, நிப்பாட்டு."

பொண்டாட்டி செத்ததுக்குச் சிரிக்கிறவளை என்ன செய்வது? மறுநாள் படமே வேண்டாமென்று பாட்டுக்கு மாறினேன். ஒற்றை வயலின், வார்த்தையே கிடையாது. கேட்டால் பிறந்த வீட்டை விட்டு இப்போதுதான் கிளம்புகிற மாதிரி இருக்கும். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி, கையை மட்டும் மெதுவாக அசைத்துக்கொண்டு அதில் மூழ்கினேன். வயலின் மேலே ஏறும் இடத்தில் கீச்சொலி கேட்டது. வயலினில் அப்படியொரு சுரம் இல்லையே என்று கண்ணைத் திறந்தால், அக்கா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. தையலைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அத்தானிடம் போனில், "எல்லாம் சரியா இருக்கு அத்தான், அழுகாச்சிப் படந்தான் ஓடுது" என்று சொன்னேன். படத்தைப் பொறுத்தவரை அதில் பொய்யில்லை.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் ஒரு செய்தி சொன்னார். நான் கடையில் இருந்த காலை வேளையில் அவர் அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்து, விவரம் புரியாமல் அந்தக் கல்யாண வீடியோ காமெடியைப் போட்டிருக்கிறார்.

"மதினி சிரிக்கவே இல்ல," என்றார். "நாந்தான் சிரிச்சேன். அவங்க பாட்டுக்கு, சவுண்டு கம்மி பண்ணுங்கன்னுட்டு, கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் சோகத்துக்குச் சிரிப்பு, என் காமெடிக்குக் கீரையா? ஆனால் கோபத்தை மீறி மூளை வேலை செய்தது. சிலருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் விடிய விடிய முழித்திருப்பார்கள், கடையில் நானே பார்த்திருக்கிறேன். அக்காவின் ரசனையும் அப்படித்தான், தலைகீழ். அவளுக்குச் சோகம் சிரிப்பு மூட்டும், காமெடி அமைதி தரும். இத்தனை வருடமாக இது புரியாமல் போயிற்றே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். மருந்தைத் திருப்பிப் போட வேண்டியதுதான். அந்த மேடைப் பெண் புதிதாக ஒரு நிகழ்ச்சி வெளியிட்டிருந்தாள், வளைகாப்புக்கு வந்த சொந்தக்காரர்களைப் பற்றியது. இருக்கிற சரக்கிலேயே வீரியமானது. அக்காவுக்கு இதைவிடப் பத்திரமான ஒன்று கிடையாது என்று முடிவு கட்டி, மருந்து வேலை செய்கிறதா என்று கண்காணிக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நிகழ்ச்சி ஆரம்பித்துச் சற்று நேரம் அக்கா அமைதியாக இருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு, "இப்ப வருது பாரு, அந்த வளையல்காரர் வருவாரு பாரு" என்று அவள் காதில் சொன்னேன். வளையல்காரர் வருவதற்குள் அக்காவுக்குத் தொடங்கிவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, பிறகு அடி, பிறகு கீச்சொலி, பிறகு வயிறு. நான் டிவியை அணைத்தேன். அணைத்துவிட்டு, "இதுக்குப் போயி எப்படிக்கா சிரிக்கிற, ஒனக்குத்தான் காமெடி ஒத்துக்காதே" என்று கேட்டேன். அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். அவள் கையிலிருந்து தலையணை நழுவியது. நைட்டியில், கட்டுக்கு நேரே, சிவப்பாகப் பொட்டுப் போல ஒன்று தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போன கொஞ்ச தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது ஆபரேஷன், சர்க்கரை, மயக்க ஊசி, அத்தானின் கலங்கிய கண் என்று எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மருந்து தெரிந்த நானே இப்படிச் செய்துவிட்டேனே என்று அழுதுகொண்டே போனேன். அக்கா என்னைப் பார்த்தாள், சட்டென்று வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியில் திருப்பிக்கொள்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். மேல் தோலில் ஒரு தையல் மட்டும் லேசாக விட்டிருக்கிறது, உள்ளே எல்லாம் கெட்டியாக இருக்கிறது, ஒன்றும் பயமில்லை என்றார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பிடி என்னம்மா படம் பார்த்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நா எங்க டாக்டரம்மா படத்தப் பார்த்தேன்," என்றாள் அக்கா. "இவளத்தான் பார்த்தேன்."

நான் நிமிர்ந்தேன்.

"சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே வாயப் பொத்திக்கிடுறா. சாவு விழுறதுக்கு முன்னாடியே மூக்க உறிஞ்ச ஆரம்பிச்சுடுறா. டிவில இருக்குறவன் பேச வேண்டியத இவ மொதல்லயே வாய அசைச்சுப் பேசிடுறா. பேசிப்புட்டுத் திரும்பி என் மூஞ்சியப் பார்க்குறா, பரீட்ச பேப்பர் திருத்துற டீச்சராட்டம். வயலினு கேட்டப்ப கைய ஆட்டுனா பாருங்க, எங்க ஊர்ல காக்கா வெரட்டுற கெழவி தோத்தா." இதற்குள் அவள் தோள் லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா அவசரமாகத் தலையணையை எடுத்துக் கொடுத்தார்.

"சின்னதுலேர்ந்தே இப்பிடித்தாங்க," என்று அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு முடித்தாள். "கொட்டகைக்கு இவளக் கூட்டிட்டுப் போனா எனக்குப் படமே தேவையில்ல."

டாக்டரம்மா மருந்துச் சீட்டில் ஆன்டிபயாடிக் எழுதி, அதற்குக் கீழே, 'டிவி பார்க்கும்போது தங்கை உடனிருக்கக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டை நானே என் கடைக்குக் கொண்டுவந்து, நானே படித்து, நானே மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். டாக்டர் உத்தரவு ஒரு பக்கம், என் ரோஷம் ஒரு பக்கம். சாப்பாடு கொண்டுபோய் வைப்பேன், மாத்திரை கொடுப்பேன், கட்டைப் பார்ப்பேன், கீழே இறங்கிவிடுவேன். படித்துப் படித்து, தேடித் தேடி, இவளுக்கு எது பிடிக்கும் என்று யோசித்து யோசித்து எடுத்து வைத்ததெல்லாம் எதற்கு? நாற்பது வருடமாக இவள் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. நான்தான் அவளுக்குக் கோமாளி. நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்களுக்கு வெறும் மாத்திரை மட்டுமே கொடுத்தேன், உறையின் பின்பக்கம் காலியாகவே போனது. திருமயத்துப் பெரியவர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு எதுவும் முடியலியா" என்று விசாரித்தார்.

ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், தனியாக இருக்கும்போது அக்கா என்ன பார்க்கிறாள் என்று. ஏதாவது ஒன்றை உருப்படியாகப் பார்த்திருப்பாள் என்ற நப்பாசை.

"டிவியே போடுறதில்ல," என்றார். "போடவா மதினின்னு கேட்டா, வேணாங்குறாங்க. நீ மேல வர்ற சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு உக்காருறாங்க."

அதைக் கேட்டும் என் கோபம் இறங்கவில்லை. இறங்கின மாதிரி காட்டிக்கொள்ளவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், இருமச் சொல்லிப் பார்த்தார், புண் நன்றாக ஆறிவிட்டது என்றார். கூடையை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொடக்கூடாது. சிரிக்கலாம். மறுநாள் காலை அத்தான் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அன்று மதியம் கடையை அடைத்துவிட்டு மேலே வந்தேன். அக்கா கட்டிலை விட்டு இறங்கி, டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி படம் வச்சிருக்க?"

வைத்திருந்தேன், இல்லாமலா. பந்தைத் தொலைத்துவிட்டு இடைவேளை வரைக்கும் அதைத் தேடுகிற ஓர் ஊர் கிரிக்கெட் டீமின் படம், அந்த வாரம்தான் வந்திருந்தது. முந்தின நாள் நான் தனியாகப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்திருந்தேன். போட்டேன். ஆனால் இந்தத் தடவை ஒரு தீர்மானத்தோடு உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விக்கெட் கீப்பர், பந்து விழுந்த வீட்டுக் கிழவரிடம் போய், பந்தைக் கேட்பதற்குப் பதிலாக அவருடைய பேத்தியைக் கேட்டுவிடுகிற காட்சி வந்தது. நான் சுவர் மாதிரி இருந்தேன். அவள் படத்தைப் பார்க்கட்டும், ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தாள். நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, படம் நல்லா இல்லையா?"

திரும்பிப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டாள், நான் அவ்வளவு ஆசையாக எடுத்து வைத்த படம் இப்படி ஆகிவிட்டதே என்று. எனக்கு அழுகை வந்தது. அதோடு, அடக்கி வைத்திருந்த விக்கெட் கீப்பர் காட்சியும் சேர்ந்துகொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று மூக்கு வழியாக வெளியே வந்தது. அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனேன்.

"ரொம்ப நல்லாருக்குக்கா," என்றேன். "மொதல்லேர்ந்து போடுறேன். ஒன் நாக்காலிய இங்கிட்டுத் திருப்பிப் போட்டுக்க."